மணலும் காற்றும்: ஸ்காட்லாந்தின் கடலோரக் கோல்ஃப் மைதானங்களில் ஒரு பயணம்

வெள்ளி, மஸல்பரோ

எடின்பரோவுக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய சிற்றூர் மஸல்பரோ. குதிரைப் பந்தய ஓடுபாதையின் வெள்ளை வேலிக்கு உட்புறத்தில், ஒன்பது குழிகள் மட்டுமே கொண்ட பழைய கோல்ஃப் மைதானம் ஒன்று இங்கே இருக்கிறது. சென்னை கிண்டியில் குதிரைப் பந்தய மைதானத்தின் நடுவே ஜிம்கானா சங்கத்தார் கோல்ஃப் ஆடியதை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு வியப்பளிக்காது. ஆனால் இங்கே 1672ஆம் ஆண்டிலேயே ஆட்டம் நடந்ததற்குப் பதிவு உண்டு. 1874 முதல் 1889 வரை ஓப்பன் பந்தயம் (பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டி) ஆறு முறை இந்த ஒன்பது குழிகளில்தான் நடைபெற்றது.

லண்டனில் மருத்துவராக இருக்கும் பழைய கல்லூரி நண்பர் பயணம் முழுவதும் உடன் வருகிறார். நாங்கள் இருவருமே நடுத்தர ஆட்டக்காரர்கள்; ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஆடக் கற்றவர்கள். மலை மைதானத்தில் எங்களுக்குத் தெரிந்த ஆபத்துகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை: மரங்கள், சரிவு, ஓடை, சில நாட்களில் காட்டெருமை. கடலோர மைதானத்தில் மரமே இல்லை. அப்படியிருக்க, உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களை அது எப்படித் திணறடிக்கிறது என்பதைக் காலால் நடந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இந்தப் பயணத்தின் நோக்கம்.

மஸல்பரோவில் பழைய பாணி மட்டைகளை வாடகைக்குத் தருகிறார்கள். ஹிக்கரி மரத்தண்டில் சிறிய இரும்புத் தலை பொருத்திய அந்த மட்டையால் அடிக்கும்போது, பந்து சரியான இடத்தில் படாவிட்டால் அதிர்வு முழங்கை வரை ஏறுகிறது. இன்றைய மட்டைகள் மன்னித்துவிடும் பிழைகளை இது மன்னிப்பதில்லை. பழைய ஆட்டக்காரர்கள் பந்தை உயரத் தூக்காமல் தரையோடு ஓட்டியதற்குக் காரணம் ரசனை மட்டுமன்று, கருவியும்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பந்தும் தோல் உறைக்குள் வேகவைத்த இறகுகளைத் திணித்துத் தைத்ததாகவே இருந்தது. மழையில் நனைந்தால் கனத்துப்போய்த் தையல் பிரிந்துவிடும். மலாய் நாட்டு மரப்பாலிலிருந்து செய்த கட்டாபெர்ச்சா பந்து 1848 வாக்கில் வந்த பிறகுதான், விலை குறைந்து, சாமானியர்களும் ஆட முடிந்தது.

குழியின் அளவும் இந்த ஊரோடு தொடர்புடையது. 1829இல் இங்கே பயன்பாட்டுக்கு வந்த குழிவெட்டும் கருவியின் விட்டம் நாலேகால் அங்குலம். 1891இல் அதையே பொது அளவாக விதித்தார்கள். உலகத்தில் எத்தனையோ கோடி ரூபாய்ப் பரிசுகளைத் தட்டிப் பறித்த அந்த 108 மில்லிமீட்டரை, யாரோ ஒரு பட்டறைக்காரர் கையில் கிடைத்த குழாயைக் கொண்டு முடிவுசெய்திருக்கக் கூடும் என்று எண்ணிப் பார்க்கையில் சிரிப்பு வருகிறது. இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும்: இவ்வூர் மீன்காரப் பெண்கள் கோல்ஃப் ஆடினார்கள். 1811 புத்தாண்டை ஒட்டி அவர்களுக்கென்று ஒரு போட்டி வைத்து, சிறந்த ஆட்டக்காரிக்கு மீன்கூடை பரிசளிக்க இங்குள்ள சங்கம் தீர்மானித்தது. செயின்ட் ஆண்ட்ரூஸின் புகழ்பெற்ற சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்க 2014 வரை எடுத்துக்கொண்டது.

சனி, நார்த் பெரிக்

எடின்பரோவிலிருந்து நார்த் பெரிக்குக்கு ரயிலில் அரை மணி நேரம். ஊர், மைதானம், கடற்கரை மூன்றுக்கும் இடையே வேலி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. எதிரே கடலில் பாஸ் பாறை, கன்னெட் பறவைகளாலும் அவற்றின் எச்சத்தாலும் வெளுத்து நிற்கிறது.

மைதானத்தின் குறுக்கே பழங்காலத்துக் கல்சுவர்கள் ஓடுகின்றன. நம் ஊரில் மைதானம் அமைப்பவர்கள் முதல் வேலையாக அவற்றை இடித்திருப்பார்கள். இங்கே அவற்றையும் ஆட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். 13ஆம் குழியில் கிரீனுக்கு (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரைக்கு) முன்னால் இடுப்பளவுச் சுவர் ஒன்று நீளமாகக் கிடக்கிறது. என் இரண்டாவது அடி சுவருக்கு இந்தப் பக்கம், அதிலிருந்து நான்கு அடி தொலைவில் வந்து நின்றது. கிரீன் பதினைந்து தப்படியில் இருக்கிறது, கொடி கண்ணெதிரே ஆடுகிறது, ஆயினும் அத்தனை அருகிலிருந்து சுவருக்கு மேலே பந்தை எழுப்ப முடியாது. பக்கவாட்டில் தட்டிவிட்டு, இன்னொரு அடியைச் செலவழித்துத்தான் உள்ளே போக வேண்டும்.

15ஆம் குழியான ரெடான், உலகில் மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட குழி என்று பெயர் பெற்றது. கிரிமியப் போரில் ரஷ்யர்கள் கட்டிய காவலரணின் பெயரை இதற்கு வைத்தார்கள். ஏறத்தாழ 190 கெஜம். கிரீன் நேராக இல்லாமல் வலமுன்பக்கத்திலிருந்து இடப்பின்பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறது. இடப்பக்க முகப்பை ஆழமான பங்கர் (மணற்பள்ளம்) ஒன்று காக்கிறது. கொடியைக் குறிவைத்து நேராக அடித்தவர் பந்து ஒன்று பங்கரில் விழும், இல்லையேல் கிரீனைத் தாண்டி ஓடிவிடும். கொடிக்கு வெகு தூரம் வலப்புறத்தில், கிரீனுக்கு வெளியே ஒரு மேட்டில் பந்தை இறக்கிவிட்டு, மீதிப் பயணத்தை மண்ணிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அடித்த பிறகு ஏழெட்டு விநாடிகள் பந்து கண்ணில் படாது. மேட்டின் மீது ஏறிப் பார்த்தால்தான் செய்தி தெரியும். நண்பருடைய பந்து கொடிக்குப் பத்தடியில் கிடந்தது. அவர் அதை இரண்டு அடிகளில் முடித்து, முதல் அடியோடு சேர்த்து மூன்று எழுதிக்கொண்டார், பிறகு நாள் முழுவதும் அதையே பேசினார்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் திங்கட்கிழமை ஆடுவதற்கான குலுக்கலுக்கு ரயிலிலேயே கைப்பேசி வழியாகப் பெயர் கொடுத்திருந்தோம். மாலையில் முடிவு வந்தது, கிடைக்கவில்லை.

ஞாயிறு, செயின்ட் ஆண்ட்ரூஸ்

கோல்ஃபின் தலைநகரம் என்று சொல்லப்படும் இந்த ஊருக்கு ரயில் கிடையாது. 1969இல் பாதையை மூடிவிட்டார்கள். லூகர்ஸ் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையில், பெரிய பந்தயங்கள் நடக்கும் நாட்கள் நீங்கலாக, பழைய மைதானத்தில் ஆட்டம் கிடையாது. அன்று அது ஊரின் பூங்கா. குழந்தைகள் நரகம் என்று பெயர் பெற்ற பங்கருக்குள் இறங்கி ஏறுகிறார்கள். நாய்கள் உலகப் புகழ்பெற்ற கிரீன்களின் ஓரமாக ஓடுகின்றன. வயதான தம்பதியர் முதல் ஃபேர்வேயின் (கிரீனுக்கு இட்டுச்செல்லும் வெட்டிய புல்வெளியின்) நடுவே கைகோத்து நடக்கிறார்கள். இந்த நிலம் ஊராருடையது என்பதை 1552ஆம் ஆண்டின் பேராயர் சாசனமே உறுதிசெய்திருக்கிறது. இடையில் 1797இல் கடன்பட்ட நகராட்சி இதை விற்க நேர்ந்து, வாங்கியவர்கள் முயல் வளர்க்க, முயலுக்கும் கோல்ஃபுக்கும் நீண்ட வழக்கு நடந்தது. 1894இல் நகரம் நிலத்தை மீட்டது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கிறது. வெளியூர்க்காரர் ஒரு சுற்றுக்கு 300 பவுண்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கிறது; உள்ளூர்வாசிகளோ மலிவான ஆண்டுச் சீட்டில் ஆடுகிறார்கள். எனக்கு இதில் குறையேதும் தோன்றவில்லை. அவர்கள் நிலம், அவர்கள் உரிமை.

ஆடாமல் நடந்ததில் ஒரு நன்மை இருந்தது. மைதானத்தைப் பின்னாலிருந்து முன்னோக்கி, அதாவது 18ஆம் குழியிலிருந்து தொடங்கித் தலைகீழாக நடந்தோம். 12ஆம் குழிக்கு டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து) பார்த்தால் ஃபேர்வே வெறும் புல்வெளியாகத் தெரியும். கிரீன் பக்கத்திலிருந்து திரும்பி நோக்கினால் அதே புல்வெளியில் வரிசையாகப் பங்கர்கள் வாய்திறந்து கிடக்கின்றன. காரணம் எளிது: முற்காலத்தில் இந்த மைதானத்தை எதிர்த்திசையில் சுற்றி ஆடினார்கள். அந்தத் திசையில் வருபவர்களுக்கு அவை நேர் எதிரே தெரிந்தன. ஆட்டத்தின் போக்கு மாறிய பிறகும் பங்கர்களை யாரும் மூடவில்லை. 112 பங்கர்களில் பலவும் இப்படி ஒளிந்திருப்பவை. எந்தத் திட்டமும் இல்லாமல், கடற்காற்றிலிருந்து தப்பிக்க ஆடுகள் ஒண்டிய பள்ளங்களும் மணல் சரிந்த குழிகளும் காலப்போக்கில் இடர்களாகிவிட்டன.

மைதானத்தின் ஓரமெங்கும் மஞ்சள் பூத்த கோர்ஸ் முட்புதர்கள். மே மாத வெயிலில் அவற்றின் வாசனை அப்படியே தேங்காய் எண்ணெய் மாதிரி இருந்தது. நீலகிரியில் ஆங்கிலேயர் கொண்டுவந்து நட்டு, இன்று களையாகப் பரவி வனத்துறைக்குத் தலைவலியாக இருப்பது இதே செடிதான். அதற்குள் போன பந்தை யாரும் தேடுவதில்லை. 2019 முதல் தேடுவதற்கு மூன்று நிமிடங்களே அனுமதி; கோர்ஸைப் பொறுத்தவரை அதுவே அதிகம்.

மாலை நான்கு மணிக்கு மேல் செவ்வாய்க்கிழமைக் குலுக்கல் முடிவு வந்தது. எங்கள் பெயர் இருந்தது.

திங்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ்

காலையில் கடல்மூட்டம் இறங்கி எதுவும் தெரியவில்லை. பேராலய இடிபாடுகளில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். டாம் மோரிஸ் பெரியவரும் அவருடைய மகன் டாம் மோரிஸ் இளையவரும் இங்கே உறங்குகிறார்கள். மகன் ஓப்பன் பந்தயத்தை 1868, 1869, 1870, 1872 என்று அடுத்தடுத்து நான்கு முறை வென்று (1871இல் பந்தயமே நடக்கவில்லை), 1875 கிறிஸ்துமஸ் நாளில் 24ஆம் வயதில் இறந்துபோனார். தந்தை 1908 வரை வாழ்ந்தார். கிரீன்களில் மணல் தூவிப் புல்லைச் செழிக்கவைக்கும் முறையைப் பரப்பியவர் அவர். இன்று ஊட்டி மைதானத்தில் மணல் தூவுபவரும் அந்தக் கிழவரின் வழியில்தான் வேலை செய்கிறார்.

பிற்பகலில், 1867இல் தொடங்கிய மகளிர் பட்டிங் சங்கத்தின் ஹிமாலயா என்ற மேடுபள்ளமான புல்வெளியில், சில பவுண்டுகள் கொடுத்து உருட்டி ஆடினோம். எங்களுக்கு முன்னால் ஆடிய ஏழெட்டு வயதுச் சிறுமி எங்களைவிட நன்றாக ஆடினாள்.

செவ்வாய், பழைய மைதானம்

முதல் டீயில் நிற்கும்போது எதிரே விரிவது 18ஆம் குழியோடு பகிர்ந்துகொண்ட, நூறு கெஜத்துக்கு மேல் அகலமான புல்வெளி. அதில் ஒரு பங்கரும் இல்லை. கோல்ஃபில் இதைவிட எளிதான தொடக்கம் எங்கும் இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் கிரீனை ஒட்டி முன்புறமாக ஸ்வில்கன் ஓடை வளைந்து ஓடுகிறது. அடுத்த அடியில் சற்றுக் குறைந்தாலும் பந்து தண்ணீரில் விழும்.

ஏன் 18 குழிகள் என்று கேட்பவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது. ஒரே துண்டு நிலத்தில் போகும்போது ஆடிய குழிகளிலேயே வரும்போதும் ஆடி, ஒரு சுற்றுக்கு 22 என்று கணக்கிட்டு வந்தார்கள். 1764இல் தொடக்கத்திலிருந்த நான்கு சிறிய குழிகளை இரண்டாக்கியதும் மொத்தம் 18 ஆயிற்று. அதையே உலகம் ஏற்றுக்கொண்டது. போவோரும் வருவோரும் ஒரே கிரீனில் மோதிக்கொள்ளவே பின்னாளில் கிரீன்களைப் பெரிதாக்கி, இரண்டிரண்டு குழிகள் வெட்டினார்கள். இன்றும் ஏழு கிரீன்கள் இரட்டை. 2உம் 16உம், 3உம் 15உம் என்று அந்த எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். இதனால் ஒரு விசித்திரமான சிக்கல் உண்டாகிறது: பந்து கிரீனில்தான் இருக்கிறது, ஆனால் குழி முப்பது கெஜத்துக்கு அப்பால் இருக்கிறது. ஐந்தாவது குழியில் நான் உருட்டிய முதல் அடி இரண்டு மேடுகளின் மீதேறி இறங்கி, குழிக்கு ஆறு கெஜம் முன்பே நின்றது. மட்டைப் பையைச் சுமந்து வழிகாட்டும் கேடி அதைப் பாராட்டியது கேலியா உண்மையா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தக் கேடி ஐம்பது வயதைக் கடந்த உள்ளூர்க்காரர். தூரத்தைக் கெஜத்தில் சொல்வதைவிட, “அந்தத் தேவாலயக் கோபுரத்தின் இடது விளிம்பைப் பாருங்கள், அதற்கு மேல் கொண்டுபோக வேண்டாம்” என்று திசையையே சொன்னார். நான் ஏழாம் எண் இரும்பு மட்டையை எடுத்தால் அதை வாங்கி வைத்துவிட்டு ஐந்தாம் எண் மட்டையைத் தந்து, பாதி வீச்சில் தாழ்வாக அடிக்கச் சொன்னார். எதிர்க்காற்றில் உயர எழும் பந்து நின்று, பின்வாங்கி, செங்குத்தாக விழுகிறது. தாழப் போகும் பந்து விழுந்த பின்பும் நாற்பது கெஜம் ஓடுகிறது. மணற்பாங்கான நிலத்தில் வேரூன்றிய ஃபெஸ்க்யூ புல் மெலிந்து, அடியில் தரை இறுகியிருப்பதே இந்த ஓட்டத்துக்குக் காரணம். நம் மலை மைதானங்களில் பந்து விழுந்த இடத்திலேயே ஈரப்புல்லில் பதிந்து நின்றுவிடும். அங்கே பறக்கும் தூரத்தை மட்டும் கணக்கிட்டால் போதும். இங்கே உருளும் தூரம், உருளும் திசை, உருண்டு சேரும் பள்ளம் மூன்றையும் கணக்கிட வேண்டும். இங்குள்ள பங்கர்கள் பார்வைக்குச் சிறியவை. ஆனால் சுற்றியுள்ள நிலம் முழுவதும் அவற்றை நோக்கிச் சாய்ந்திருப்பதால், பந்தை ஈர்க்கும் பரப்பு பல மடங்கு பெரிது.

14ஆம் குழியில் நண்பருடைய பந்து நரகத்துக்குள் போனது. ஏறத்தாழ ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு ஆழம். மண்ணோடு வெட்டிய புல்பாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய சுவர். 1995 ஓப்பனில் ஜாக் நிக்லஸ் என்ற பெரும் வீரரே இதிலிருந்து வெளியேற நான்கு அடிகள் எடுத்து, குழியைப் பத்தில் முடித்தார். அதைக் கேடி சொன்னபோது நண்பர் முகம் சற்றுத் தெளிந்தது. முன்னோக்கி அடிக்கும் ஆசையை விட்டுவிட்டு, வந்த வழியே பின்னோக்கி அடித்து ஒரே அடியில் வெளியே வந்தார். 2000 ஓப்பனில் டைகர் உட்ஸ் நான்கு நாட்களும் ஒரு பங்கரில்கூட விழாமல், 19 அடிகள் பாருக்குக் (எதிர்பார்க்கப்படும் அடிக்கணக்குக்குக்) கீழே முடித்து எட்டு அடி வித்தியாசத்தில் வென்றதை நாம் அடி வலிமையின் வெற்றியாகவே நினைவில் வைத்திருக்கிறோம். இந்த 112 பள்ளங்களையும் நேரில் பார்த்த பிறகு எனக்கு அது வேறாகத் தெரிகிறது. எங்கே அடிக்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் அறிந்து, அதற்குக் கட்டுப்பட்டு ஆடியதன் வெற்றி அது.

17ஆம் குழி பற்றிப் படித்திராத கோல்ஃப் ஆட்டக்காரர் இருக்க மாட்டார். பழைய ரயில் கொட்டகைகளின் வடிவில் கட்டிய ஹோட்டல் கட்டடத்தின் மூலைக்கு மேலாக, கண்ணுக்குத் தெரியாத ஃபேர்வேயை நோக்கி அடிக்க வேண்டும். கிரீன் நீண்டு குறுகிக் குறுக்கே கிடக்கிறது. முன்னால் சாலைப் பங்கர், பின்னால் தார்ச்சாலை, அதற்கும் பின்னால் கல்சுவர். சாலையும் சுவரும் மைதானத்தின் பகுதிகளே. பந்து அங்கே கிடந்தால் சலுகை எதுவும் கிடையாது, கிடந்தபடியே ஆட வேண்டும். 2010இல் மிகுவல் ஆங்கல் ஹிமெனெஸ் சுவரை நோக்கியே அடித்து, பந்தைத் திருப்பியனுப்பிக் கிரீனில் சேர்த்தார். 1978இல் டாமி நகாஜிமா கிரீனுக்கு வந்தபின் உருட்டிய பந்து பங்கருக்குள் சரிந்து, அவர் வெளியேறும்போது ஒன்பதை எழுத வேண்டியதாயிற்று. 2022இல் கேமரன் ஸ்மித் வென்ற நாளில், பங்கர் தனக்கும் கொடிக்கும் நடுவே இருந்தபோது, மேலே தூக்காமல் அதைச் சுற்றிப் பட்டரால் (தரையோடு உருட்டும் மட்டையால்) உருட்டிப் போனார். என் பந்தும் ஏறத்தாழ அங்கேயே கிடந்தது. வெட்ஜை (பந்தை உயர எழுப்பும் மட்டையை) தொட்டதும் கேடி தலையை மட்டும் ஆட்டினார். பட்டரை எடுத்து, கொடிக்கு இருபதடி வலப்புறமாக உருட்டி, ஆறில் முடித்தேன். அந்த ஆறில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

புதன், கார்னுஸ்டி

டே ஆற்றுப் பாலத்தைக் கடந்து டண்டி வழியாகக் கார்னுஸ்டி வந்தோம். செயின்ட் ஆண்ட்ரூஸில் வழி தவறினாலும் பரந்த புல்வெளி நம்மைத் தாங்கிக்கொள்ளும். இங்கே அகலம் இல்லை. ஒரே திசையில் தொடர்ந்து இரண்டு மூன்று குழிகளுக்கு மேல் போவதில்லை என்பதால் காற்றும் பழகுவதில்லை. அமெரிக்க வீரர் பென் ஹோகன் தம் வாழ்வில் ஆடிய ஒரே ஓப்பன் 1953இல் இங்கேதான், அதை வென்றார். 1975இல் வென்ற டாம் வாட்சனோ, 16ஆம் குழியில், சமநிலையை முறிக்கும் கூடுதல் சுற்றையும் சேர்த்து ஐந்து முறை ஆடி, ஒரு முறைகூடப் பார் எடுக்கவில்லை. 1999இல் ரஃபை (ஓரத்து நெடும்புல்லை) அடர்த்தியாக வளரவிட்டு ஃபேர்வேக்களைக் குறுக்கியபோது, 19 வயது செர்ஜியோ கார்சியா 89, 83 என்று அடித்து வெளியேறித் தாயின் தோளில் அழுதார். அந்த ஆண்டின் வெற்றி எண்ணிக்கையே 290, பாருக்கு ஆறு அதிகம். அப்படிப்பட்ட ரஃபை நான் சவாலாகக் கருதவில்லை. அதில் சிந்திக்க எதுவும் இல்லை. வெட்டி வெளியே எடுக்கலாம், அவ்வளவுதான். இங்கே உண்மையான சவால் பேரி ஓடை.

அந்த ஓடை 17ஐயும் 18ஐயும் பாம்பாகச் சுற்றி ஓடுகிறது. 1999இல் மூன்று அடி முன்னிலையோடு கடைசிக் குழிக்கு வந்தவர் ழான் வான் டி வெல்ட். ஆறில் முடித்தாலும் கோப்பை அவருக்கே. டிரைவரால் (நெடுந்தூரம் அடிக்கும் மட்டையால்) அடித்த பந்து வலப்புறம் வெகுதூரம் போயும் நல்ல இடத்தில் நின்றது. அடுத்து இரண்டாம் எண் இரும்பு மட்டையால் கிரீனைக் குறிவைத்தார். பந்து பார்வையாளர் மாடத்தின் கம்பியில் பட்டு, ஓடையின் கற்கரையில் மோதி, பின்னோக்கித் துள்ளி ஆழ்ந்த புல்லில் விழுந்தது. மூன்றாவது அடி ஓடைக்குள். காலணியைக் கழற்றி நீரில் இறங்கி நின்று பார்த்துவிட்டு, தண்டனை அடி ஏற்று, பின்னர் பங்கர், இறுதியில் ஏழு. கூடுதல் சுற்றில், பத்து அடிகள் பின்தங்கியிருந்து வந்த பால் லாரி வென்றார். அந்தப் பிரெஞ்சுக்காரரை முட்டாள் என்பது உலக வழக்கமாகிவிட்டது. ஓடைக்கரையில் நின்று அளந்து பார்த்த பிறகு எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. கம்பியில் பட்ட பந்து கூட்டத்துக்குள் விழுந்திருந்தால், அதையே துணிச்சல் என்று எழுதியிருப்பார்கள். 2007இல் பாட்ரெய்க் ஹாரிங்டன் இதே குழியில் இதே ஓடைக்குள் இரண்டு முறை பந்தை விட்டும், ஆறில் முடித்துக் கூடுதல் சுற்றில் கோப்பையை வென்றார்.

பந்து அதிகத் தூரம் பறப்பதால் பழைய மைதானங்கள் பழங்கதையாகிவிடும் என்ற கவலையில், பந்து பறக்கும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் விதியை 2023 இறுதியில் உலக நிர்வாக அமைப்புகள் அறிவித்தன. நான் அதை வரவேற்கிறேன்; டீயைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி மைதானத்தை நீட்டுவதைவிட அது மேல். இந்தக் குழிகளின் கடினம் நீளத்தில் இல்லை.

நாங்கள் 18க்கு வந்தபோது காற்று நேர் எதிரே வீசியது. எங்கள் அடிக்கு ஓடையைத் தாண்டுவது இயலாத காரியமில்லை. இயலுமோ என்ற சந்தேகம்தான் தொல்லை. நண்பர் நெடுநேரம் ஓடையையே பார்த்துக்கொண்டு நின்று, எட்டாம் எண் மட்டையால் கரைக்கு முப்பது கெஜம் முன்பே பந்தை நிறுத்தினார். நானும் அவ்வாறே செய்தேன். அவர் ஐந்தில் முடித்தார், நான் ஆறில். டண்டி போகும் ரயிலில் அந்த ஐந்தை அவர் இரண்டு முறை விவரித்துவிட்டார். லூகர்ஸ் வருவதற்குள் மூன்றாவது முறையும் தொடங்கிவிடுவார் என்றே தெரிகிறது.